தகுதிப் பட்டியல்

எட்டாம் வகுப்பில் குழுச் செயல்பாடாக ஒரு வினா கொடுத்தேன்: "கல்லூரி ஆண்கள் கூடைப்பந்து அணிக்குத் துணைப் பயிற்சியாளர் தேவை. என்னென்ன தகுதிகள் வேண்டும்?"

ஆட்ட அனுபவம், பொறுமை, கற்பிக்கும் திறன் என எழுதினர். எல்லாக் குழுக்களும் 'ஆண்' என்றும் சேர்த்திருந்தன.

பிறகு ஓர் உண்மை நிகழ்வைச் சொன்னேன். 1990-இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக ஆண்கள் அணிக்கு, தலைமைப் பயிற்சியாளர் ரிக் பிட்டினோ, பெர்னடெட் லாக் என்ற பெண்ணைத் துணைப் பயிற்சியாளராக நியமித்தார். அந்நாட்டின் முதல் பிரிவு ஆண்கள் கல்லூரி அணிகளில் அப்பொறுப்பேற்ற முதல் பெண் அவர். ஜார்ஜியா பல்கலைக்கழக மகளிர் அணியில் ஆடி, பயிற்சியும் அளித்தவர்.

'ஆண்' என்பதை மாணவர்களே அடித்தனர். ஒரு மாணவி கேட்டாள்: "நம்ம டீமுக்கு மட்டும் ஏன் சார் எப்பவும் பசங்களையே உதவிக்குக் கூப்பிடுறீங்க?"

என்னிடம் பதில் இல்லை. திருத்திய பட்டியலை வைத்தே இந்த ஆண்டு உதவியாளரைத் தேர்ந்தெடுத்தோம். விசில் இப்போது ஒரு மாணவியிடம் இருக்கிறது.

உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள். முதலில் உங்கள் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள்.