மன்னார்த் தீவும் நன்னீரும்

நீர் அருகிய நிலத்தில் நகரமொன்று எவ்வளவு வளரலாம்? இவ்வினாவுக்கு விடை காண நாம் தூரத்துப் பாலைநிலங்களை நாட வேண்டியதில்லை. மன்னார்த் தீவை நோக்கினாற் போதும்.

தீவில் ஆறில்லை. மழையும் பெரும்பாலும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கிட்டுகின்றது. ஆயினும் தலைமன்னார், பேசாலை முதலிய ஊர்களின் மணற்பாங்கான நிலத்தில் ஆழமில்லாக் கிணறுகளிலேயே நன்னீர் ஊறுகின்றது. நாற்புறமும் கடல் சூழ்ந்திருக்க இஃது எவ்வாறு இயலும்?

மணலூடு இறங்கும் மழைநீர், கடல்நீரினும் அடர்த்தி குறைந்ததாதலால், அதன்மேல் மிதக்கின்றது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் அமைதலின் இந்நீர்த்திரள் நன்னீர் வில்லை எனப்படும். கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறக்குறைய 40 அடி வரை அது பரந்திருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் அறிஞர் இருவர் கண்ட விதி. இதன் மறுபக்கத்தையும் நாம் மறத்தலாகாது. மேல்மட்டம் 1 அடி தாழுமாயின், உவர்நீர் காலப்போக்கில் 40 அடி வரை மேலெழக்கூடும். வாளியால் அள்ளுங்கால் இவ்வபாயம் சிறிது. இயந்திரம் ஓரிடத்தே இடைவிடாது இறைக்குங்கால் பெரிது. ஒருமுறை உவர்ப்பட்ட கிணறு மீளப் பல மாரி கழிதல் வேண்டும்.

மன்னார் நகரத்துக்கு முருங்கன் பகுதி நிலத்தடி நீர் குழாய்வழி வருகின்றது. அருவியாற்றைத் தேக்கம் அணை மறித்து, கட்டுக்கரைக்குளத்துக்கு நீர் ஊட்டுகின்றது. அக்குளத்தை நம்பியே அப்பகுதி வயல்கள் விளைகின்றன. ஆகவே தீவின் தாகமும் உழவரின் விளைச்சலும் ஒரே நிலத்தின் நீரைச் சார்ந்தனவாம். குழாயை நீட்டுவதனால் மட்டும் நீர் பெருகிவிடாது.

தீவின் மணலே அதன் நீர்த்தொட்டி. 2025ஆம் ஆண்டில் காற்றாலை விரிவாக்கத்துக்கும் கனியமணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் போராடியமையை இவ்வுண்மையோடு சேர்த்து நோக்குதல் தகும்.

வரவறிந்து செலவிடுதல் இல்லறத்துக்கு மட்டுமன்றி நகருக்கும் உரிய நெறியாகும். கூரைநீரைச் சேமித்தல், கிணறுகளை இடைவெளிவிட்டு அமைத்துச் சிறுகச் சிறுக இறைத்தல், மலக்குழிக் கழிவு மணலிற் கசியாது காத்தல் ஆகியன செய்யத்தக்கவை. இவற்றோடு, மாணவர்கள் தத்தம் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் அளந்து குறித்து வருவாராயின், கிணறு கெடுமுன்னரே ஊர் விழித்துக்கொள்ளும். புதிய வீடுகளும் விடுதிகளும் எழுமுன் அக்குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கும் வழக்கமும் நம்மவரிடை வேரூன்றுதல் வேண்டும்.