டன்ஸ் என்னும் வசைச்சொல்

ஆங்கிலத்திலே அறிவின்மையைச் சுட்டும் வசைச்சொற்கள் பல உள. அவற்றுள் ‘டன்ஸ்’ என்பது பள்ளிக்கூடத்துக்கே சிறப்பாக உரியது. பொதுவாக மூடனைக் குறிக்கும் ‘இடியட்’ முதலியவற்றினின்றும் வேறாய், கற்பித்தும் கல்லாதவன் என்னும் பொருளை இது தரும். ‘கணக்கிலே அவன் ஒரு டன்ஸ்’ என ஒரு பாடத்தைச் சுட்டியும் வழங்குவர். இச்சொல்லின் தோற்றம் வியப்புக்குரியது. இது பேரறிஞர் ஒருவருடைய பெயராகும்.

டன்ஸ் என்பது ஸ்கொட்லாந்திலுள்ள ஓர் ஊர். ஆங்கு 1266ஆம் ஆண்டளவிற் பிறந்தவர் யோன் டன்ஸ் ஸ்கோட்டஸ். பிரான்சிஸ்கன் சபைத் துறவியாகிய இவர் ஒக்ஸ்போட்டிலும் பாரிசிலும் இறையியல் கற்பித்து, 1308இல் கொலோன் நகரிலே காலமானார். பொருள்களை நுணுகி வேறுபடுத்திக் காட்டும் ஆற்றலால் ‘நுண்ணறிவாசிரியர்’ எனப் போற்றப்பட்டார்.

16ஆம் நூற்றாண்டிலே கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களை முதன்மையாகக்கொண்ட புதிய கல்வியும், சமயச் சீர்திருத்தமும் இங்கிலாந்திலே பரவின. பழைய நெறியை விடாது பற்றிநின்ற ஸ்கோட்டஸின் வழியினரைப் புதியோர் ‘டன்ஸ்’ என்றே எள்ளினர். 1535இல் எட்டாம் ஹென்றி மன்னனின் ஆணையாளர் ஒக்ஸ்போட்டிலிருந்து இவர் நூல்களை விலக்கினர். கிழிந்த ஏடுகள் நியூ கொலிஜ் முற்றத்திலே காற்றிற் பறந்தமையை, அவ்வாணையாளருள் ஒருவர் மகிழ்ந்து கடிதத்தில் எழுதினார்.

இப்பொருள் மாற்றத்தை நம் இலக்கணங்கொண்டே விளக்கலாம். ஊர்ப்பெயர் அவ்வூரிற் பிறந்தவர்க்கு ஆயிற்று. அவர் பெயர் அவர் நூலுக்கு ஆயிற்று, இது கருத்தாவாகுபெயர். பின்னர் அந்நெறி நின்றார்க்கும், வீண்வாதம் புரிவார்க்கும், ஈற்றிலே கல்வி ஏறாதார்க்கும் ஆயிற்று. நறுமணத்தையுங் குறித்த ‘நாற்றம்’ இன்று தீநாற்றத்தையே குறித்தல் போல, இதுவும் இழிபொருட்பேறாம்.

1728இல் அலெக்சாந்தர் போப் என்னும் புலவர், தம் காலத்து எழுத்தாளரை எள்ளிப் பாடிய நூலுக்கு இச்சொல்லினடியாகவே ‘டன்சியட்’ எனப் பெயரிட்டார். 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிகளிலே, பாடம் ஒப்புவியாத பிள்ளைக்குக் கூம்புவடிவான காகிதத் தொப்பியைச் சூட்டி, எல்லாருங் காண நிறுத்தினர். அதற்கும் ‘டன்ஸ் தொப்பி’ என்றே பெயர். 1993இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஸ்கோட்டஸை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். ஆயினும், வசைச்சொல் வசைச்சொல்லாகவே நிற்கின்றது.

ஸ்கோட்டஸ் அறிவிற் குறைந்தவரல்லர். அவர் வழியினரும் கல்லாதவரல்லர். தாம் மதித்த கல்வியைப் பிறர் மதியாமையைக் கண்டோர் அவர்க்கு மூடப்பட்டம் சூட்டினர். வகுப்பறையிலும் இது நிகழ்கின்றது. நாம் கற்பிக்கும் முறை ஒரு மாணவனுக்குப் பொருந்தாதவிடத்து, குறையை அவன்மேல் ஏற்றிப் பெயர் வைத்தல் எளிது. அப்பெயரைச் சக மாணவர் ஏற்பர். நாளடைவிலே அவனும் நம்பிவிடுவான். பேரறிஞர்க்கே பல நூற்றாண்டு கழிந்தும் நீங்காத பழியைச் சிறுவன் ஒருவன் எங்ஙனம் நீக்குவான்? ஆதலின், அச்சொல் நாவில் எழும்போது, அது யாருடைய பெயர் என்பதை ஆசிரியராகிய நாம் நினைவுகூர்வோமாக.