எடைக்கல்லும் மீஸானும்

நம் வீடுகளில் வளரும் பிள்ளைகள், குறிப்பாகப் பெண்மக்கள், இன்று இரண்டு குரல்களைக் கேட்டு வளர்கின்றனர். கைபேசியைத் திறந்தால், உன் உடல் எப்படியிருந்தாலும் அழகே, அதை நேசி என்கிறது ஒன்று. அடுத்த நொடியே, இந்தச் சாற்றைக் குடி, இத்தனை மணி நேரம் பட்டினி கிட, இடை சிறுக்கும் என்கிறது மற்றொன்று. முன்னதற்குப் பாடி பாசிட்டிவிட்டி என்று பெயர். பின்னதற்கு வெல்னஸ் என்று பெயர். பகைபோலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே கடையின் சரக்குகளானது எவ்வாறு என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

முதற்குரல் அமெரிக்காவில் எழுந்தபோது அதில் நியாயம் இருந்தது. 1969இல் வில்லியம் பேப்ரி என்ற பொறியாளர், பருமனான தம் மனைவியை உலகம் நடத்திய விதம் பொறுக்காமல் நியூயார்க்கில் ஒரு சங்கம் கண்டார். அழகிப் பட்டம் கேட்டு அவர்கள் கூடவில்லை. உடல் பருத்தவர் என்பதற்காக வேலை மறுக்காதீர்கள், எந்த நோய்க்கு வந்தாலும் எடையை மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பாதீர்கள் என்பன போன்ற முறையீடுகளே அவ்வியக்கத்தில் ஒலித்தன. 1976இல் மிச்சிகன் மாநிலம் எடையைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைச் சட்டத்தால் தடுத்தது. நியூயார்க் நகரம் அதே போன்ற சட்டம் இயற்ற 2023 வரை ஆயிற்று!

இரண்டாம் குரலுக்கும் பிறப்பு நல்ல பிறப்புதான். ஹால்பர்ட் டன் என்ற அமெரிக்க மருத்துவர், நோயின்றி இருப்பது மட்டுமே சுகமாகிவிடாது, உடலும் உள்ளமும் சேர்ந்து செழிக்க வேண்டும் என்ற கருத்தை வைத்து 1961இல் ஒரு நூல் வெளியிட்டார். பின்னாளில் வணிகர் கைக்குப் போன பிறகே அச்சொல்லின் குணம் மாறியது.

ஒரு கம்பெனியின் கதை போதும். ஜீன் நைடெட்ச் என்ற இல்லத்தரசி, உடல் இளைக்க விரும்பிய தோழியரை வீட்டில் கூட்டிப் பேசியதிலிருந்து வளர்ந்து, 1963இல் வெயிட் வாட்சர்ஸ் கம்பெனி உருவாயிற்று. உள்ள உடலை ஏற்றுக்கொள் என்ற பேச்சு ஊரெங்கும் பரவவே, பத்தியம், எடை போன்ற சொற்களை மக்கள் வெறுக்கத் தொடங்கினர். 2018இல் அக்கம்பெனி தன் பெயரை இரண்டே எழுத்துகளாகச் சுருக்கி, வெல்னஸ் என்ற சொல்லைச் சூடிக்கொண்டது. பெயரிலிருந்து எடை மறைந்ததே தவிர, எடை பார்க்கும் இயந்திரம் மறையவில்லை. 2023இல், இளைக்கச் செய்யும் ஊசி மருந்துகளை எழுதித் தரும் நிறுவனம் ஒன்றையும் அது வாங்கியது. 2025 மே மாதம் கடன் சுமை தாளாமல் திவால் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் ஏறிற்று.

இன்னொன்றும் கேளுங்கள். 2004இல் டவ் சோப்பு, எல்லா உடலும் அழகே என்ற பொருளில் விளம்பரம் தொடங்கியது. அதை விற்ற யூனிலீவர் கம்பெனியிடமே அப்போது, இளைப்பதற்கான ஸ்லிம் ஃபாஸ்ட் பானமும் இருந்தது. நம் நாட்டில் 1975 முதல் விற்றுவந்த சிவப்பழகுக் களிம்பும் இருந்தது. 2020இல்தான் அக்களிம்பின் பெயரை மாற்றினார்கள். தைலம் விற்பவனே தலைவலியையும் விற்றான் என்க.

அப்படியானால் எடையைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும். எடையையும் உயரத்தையும் கொண்டு போடும் பிஎம்ஐ கணக்கு, பெல்ஜியம் நாட்டு அறிஞர் கெத்லே 1830களில் மக்கள் கூட்டத்தின் சராசரியை அறிய வகுத்தது. ஒரு தனி மனிதரின் மேல் தீர்ப்பு எழுத அது மட்டும் போதாது. ஆயினும் 25 என்ற பொது எல்லைக்குக் கீழே, 23 அளவிலேயே ஆசிய மக்கள் கவனம் கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2004இல் கூறினர். நம்மவருக்குச் சர்க்கரை வியாதி சீக்கிரம் வருகிறது. மெலிந்து தெரிபவரும் தப்புவதில்லை. தினந்தோறும் நோன்பு நோற்று இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களை, உடலுக்கும் உன்மீது ஹக்கு உண்டு என்று கூறி நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை நாம் அறிவோம். வணக்கத்துக்கே அந்த வரம்பு என்றால், இடை சிறுக்கக் கிடக்கும் பட்டினிக்கு வரம்பு வேண்டாமா?

நாம் செய்வதோ வேறு. விருந்தில் சஹனை மேலும் மேலும் நிரப்பி, சாப்பிடு சாப்பிடு என்று வற்புறுத்துகிறோம். மறுநாள் அந்தப் பெண்ணையே, ஏன் இப்படி ஊதிப்போனாய் என்று நாலுபேர் நடுவில் கேட்கிறோம். பெண் பார்க்கப் போன இடத்தில் கண்ணாலேயே எடை போடுகிறோம். ஒல்லியான பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர், குண்டான பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர். கடைக்காரன் விரிக்கும் வலையில் நம் பிள்ளைகள் விழுவதற்கு முதல் தள்ளு வீட்டிலிருந்துதான் கிடைக்கிறது.

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சி பறிக்க மரம் ஏறியபோது காற்றில் ஆடை விலகி, அவர்களுடைய மெலிந்த கால்கள் தெரிந்தன. கூடியிருந்தோர் சிரித்தனர். எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்ட நபி (ஸல்) அவர்கள், மீஸானில் அந்தக் கால்கள் உஹது மலையைவிடக் கனமானவை என்று அறிவித்தார்கள்.

அன்னை ஸவ்தா (ரலி) அவர்களோ கனத்த உடலினர், மெல்ல நடப்பவர். இறுதி ஹஜ்ஜில் முஸ்தலிஃபாவில் தங்கிய இரவு, மக்கள் நெரிசல் வருமுன் புறப்பட்டுவிட அனுமதி கேட்டார்கள். உடல் ஏன் இப்படி என்ற கேள்வியின்றி அனுமதி கிடைத்தது. மற்றவர்கள் விடியும் வரை தங்கி, பெருங்கூட்டத்தோடு புறப்பட்டனர். ஸவ்தா கேட்டதைப் போல் நானும் கேட்டிருக்கலாமே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பின்னாளில் ஏங்கியதாக ஹதீஸில் வருகிறது.