அன்றாட ஒழுக்கத்திற்குக் கைப்பேசித் துணை



நல்வழக்கம் ஒன்று நிலைபெற மூன்று வேண்டும்: குறித்த நேரம், நினைவூட்டல், தவறாத பதிவு. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் கற்பித்த இம்மூன்றும் இன்று கைப்பேசிச் செயலிகளில் கிடைக்கின்றன. இல்லறத்தாரின் அன்றாடக் கடமைகளுக்கு அவற்றைப் பயன்கொள்ளும் முறையை இங்குக் காண்போம்.

1. இரவுண்ணாமை: வீரபாண்டி வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்டு வேலை பொழுது சாய்ந்த பின்பும் நீள்வதுண்டு. விளக்கொளி நிறைந்த கூடத்தில் கதிரவன் மறைவது தெரியாது. ‘ஆறு மணிக்குள் உண்டால் போதும்’ என்னும் பொதுக்கணக்கும் பொருந்தாது. திருப்பூரில் நவம்பர் நடுவில் கதிரவன் ஆறு மணிக்கு முன்பே மறைகிறது. ஜூலைத் தொடக்கத்தில் 6.45 மணிக்குப் பின்னரே மறைகிறது. மேலும், தீர்க்கரேகை ஒரு பாகைக்கு 4 நிமிடம் வேறுபடும். திருப்பூர், சென்னைக்கு ஏறத்தாழ 3 பாகை மேற்கே உள்ளது. ஆகவே சென்னைக்குக் கணித்த நாட்காட்டி நேரத்திற்கும் இவ்வூர் நேரத்திற்கும் ஆண்டுச் சராசரியில் 12 நிமிடம் வேறுபாடு உண்டு. வானிலைச் செயலியில் நாம் இருக்கும் ஊரின் மறைவு நேரத்தை நாள்தோறும் காணலாம். அதற்கு 2 நாழிகை, அதாவது 48 நிமிடம் முன்னதாக அலாரம் அமைத்து, வாரந்தோறும் திருத்துக. வேலைக்குச் செல்வோர் மாலை உணவையும் கையோடு கொண்டு செல்லுதல் நலம்.

2. சாமாயிகம்: கைப்பேசியின் டைமரில் 48 நிமிடம் குறித்து, அழைப்புகளும் செய்திகளும் ஒலிக்காதபடி அமைத்துவிடுக. நேரம் நிறைவுறும்வரை திரையை நோக்க வேண்டா.

3. அட்டமி, சதுர்த்தசி: இவை திதிகள் ஆதலின் ஆங்கிலத் தேதியில் ஒன்றுபோல் வாரா. பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஆண்டுத் தொடக்கத்திலேயே கூகுள் காலண்டரில் குறித்து, முதல்நாள் மாலையில் நினைவூட்டுமாறு அமைக்கலாம்.

4. பதிவு: ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கு ‘லூப் ஹேபிட் டிராக்கர்’ என்னும் செயலி உண்டு. அது இலவசமானது, விளம்பரம் இல்லாதது, இணையம் இன்றியும் இயங்குவது. முதலில் ஓரிரு கடமைகளை மட்டும் அதில் எழுதி, முடித்த நாளில் குறியிடுக. நாம் இடும் குறி மெய்யா என்பதைச் செயலி அறியாது. நம் மனம் அறியும். பொய்க்குறி இட்டால் வாய்மை விரதமே குறைவுபடும்.

5. அளவு: நினைவூட்டும் கைப்பேசியே நேரத்தை விழுங்கவும் வல்லது. நுகர்பொருளுக்கு எல்லை வகுக்கும் போகோபபோக பரிமாணம் இதற்கும் பொருந்தும். 2018-இல் அறிமுகமான ‘டிஜிட்டல் வெல்பீயிங்’ ஆண்ட்ராய்டிலும், அதே ஆண்டில் வந்த ‘ஸ்கிரீன் டைம்’ ஐபோனிலும் உள்ளன. ஒவ்வொரு செயலியையும் ஒரு நாளில் எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதை இவை காட்டும். உச்ச அளவும் விதிக்கலாம். பிள்ளைகளுக்கு விதிக்கும் அளவைப் பெற்றோரும் ஏற்றலே முறை.

பயிற்சி: ஏழு நாட்கள் கதிரவன் மறையும் நேரத்தையும், வீட்டில் கடைசியாக உண்டவரின் நேரத்தையும் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதுக. ஞாயிறன்று குடும்பத்தார் கூடி அதனைப் படித்துப் பார்க்க. எந்த நாளில் நேரம் தவறிற்று, அடுத்த வாரம் எதனை மாற்றலாம் என்பதை அத்தாளே உணர்த்தும். நேரத்தை அறிவிப்பது கருவியின் வேலை. எழுந்து கைகழுவி உண்ண அமர்வது நம் வேலை.