கோழிக்கு முன்னால் கூடு

நாட்டுக்கோழி வளர்க்கக் கிளம்பியிருக்கும் பிள்ளைகள் இப்போதெல்லாம் நிறையப் பேர் யோசனை கேட்டு வருகிறார்கள். சிறுவிடை வாங்கலாமா, பெருவிடை வாங்கலாமா, கருங்கோழிக்கு விலை கிடைக்குமா, தீனிக்குக் கரையான் எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் கேட்கிறார்கள். கீரி வருமா என்று கேட்கிற ஆள் அபூர்வம். பத்துக் கோழி வாங்கி, இரண்டு மிச்சமாக நிற்கும்போதுதான் அந்தக் கேள்வி வாயில் வரும். அதனால் கேட்காமலேயே சொல்லி வைக்கிறேன். எனக்குத் தெரிந்தது தென்மாவட்டத்துக் கொல்லைப்புறம். மலையடிவாரத்தில் இருப்பவர்கள் இதோடு நரியையும் மலைப்பாம்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. கோழி வாங்கும் முன் கூட்டைக் கட்டி முடியுங்கள். கோழி வந்து இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அட்டைப்பெட்டியில் அடைக்கிறவர்கள் அந்தக் கோழியை யாருக்கோ வளர்க்கிறார்கள். தரையிலிருந்து இரண்டடி, மூன்றடி உயரத்தில் கால் கொடுத்துக் கட்டுங்கள். குனிந்து பார்த்தால் கூட்டுக்கு அடியில் மறுபக்கம் தெரிய வேண்டும். விறகு, தேங்காய் மட்டை, கிழிந்த சாக்கு எதுவும் அங்கே கிடக்கக் கூடாது. கால்களில் ஓரடி அகலத்துக்கு வழுவழுப்பான தகரத்தைச் சுற்றிவிட்டால் எலி ஏறத் திணறும். தரையோடு தரையாகத்தான் கட்ட முடியும் என்றால் மண்தரை வேண்டாம். பெருச்சாளி சுவருக்கு அடியில் வளை பறித்து நடுக்கூட்டில் எழுந்து நிற்கும். சரளையும் கண்ணாடிச் சில்லும் கொட்டி, மேலே சிமெண்டு பூசிவிடுங்கள். பஞ்சாரம் பகலில் தாய்க்கோழியையும் குஞ்சையும் கவிழ்த்து வைக்க நல்லது. வெளியே ராத்திரிக் காவலுக்கு அதை நம்பாதீர்கள்; நாய் மூக்கால் நெம்பினாலே புரண்டுவிடும்.

2. கடையில் கோழிவலை என்று கேட்டால் அறுகோணக் கண் போட்ட மெல்லிய கம்பிவலையைத் தருவார்கள். கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும். உள்ளே வருகிறதைத் தடுக்க அதனால் ஆகாது. நாய் பல்லால் இழுத்துப் பிய்த்துவிடும், எலியும் பாம்பும் கண்ணுக்குள்ளேயே புகுந்துவிடும். ராத்திரி அடைகிற கூட்டுக்கு வெல்டு மெஷ் வாங்குங்கள், அரை அங்குலக் கண்ணுக்கு மேல் வேண்டாம். விலை கூடத்தான். கூடு முழுக்கப் போட வசதி இல்லையென்றால் காற்று வருகிற மேல்பகுதிக்கும் கதவுக்கும் மட்டும் போட்டு, மீதியைப் பலகையாலோ தகரத்தாலோ அடையுங்கள்.

பகலில் மேய்கிற இடத்துக்கு அடைப்புப் போட்டால் வலையை மண்ணுக்குள் ஓரடி புதையுங்கள். பாறைத் தரையென்றால் வெளிப்பக்கமாக ஓரடி மடக்கிப் பரப்பி மேலே கல்லை அடுக்குங்கள். தோண்டுகிற பிராணி வலை தரையைத் தொடும் ஓரத்தில்தான் தோண்டும். ஓரடி தள்ளிப் போய்த் தோண்டலாம் என்று அதற்குத் தோன்றாது. கடைசியாக, கூட்டுக் கதவைப் பூட்டிவிட்டு அதன் கீழ் மூலையைக் கையால் வெளியே இழுத்துப் பாருங்கள். இரண்டு விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் கீரிக்கும் அது வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. அந்தி நேரம்தான் எல்லாம். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. வெளிச்சம் மங்கினால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தே இருக்கும். பக்கத்தில் இருந்த கோழியை மரநாய் கவ்விக்கொண்டு போனாலும் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாது. பகலில் கீரியைக் கண்டு ஊரைக் கூட்டுகிற அதே கோழிதான்.

பொழுது சாய அரைமணி இருக்கும்போது ஒரு கைப்பிடிக் கம்போ நொய்யரிசியோ போட்டுக் கூப்பிடுங்கள். பா… பா… என்று குரல் கொடுப்பதோ, தகரத்தைத் தட்டுவதோ உங்கள் இஷ்டம். ஆனால் தினமும் ஒரே சத்தமாக இருக்கட்டும். புதிதாக வாங்கிய கோழியை முதல் ஒரு வாரம் வெளியே விடாமல் கூட்டிலேயே தீனி வைத்துப் பழக்குங்கள். அப்புறம் தானாக அங்கே வந்து அடையும். அடைந்ததும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு முருங்கையையும் வேம்பையும் அண்ணாந்து பாருங்கள். மரத்தில் அடையப் பழகிவிட்ட கோழியை அப்படியே விட்டுவிடாதீர்கள், மரநாய் அதைவிட நன்றாக மரமேறும்.

இன்னொன்று. நீங்கள் கல்யாணத்துக்குப் போகிற நாளிலோ காய்ச்சலில் படுக்கிற நாளிலோ யார் அடைப்பது என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். கோழி பறிகொடுத்தவர்களின் கதையைக் கேட்டுப் பாருங்கள்: “அன்னைக்கு வீட்டுக்கு வர நேரமாயிருச்சு” என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். காலையிலும் அவசரம் வேண்டாம். தெருநாய்கள் கூட்டமாகச் சுற்றி முடிக்கட்டும், நன்றாக விடிந்ததும் திறங்கள்.

4. கோழி போய்விட்டால் கம்பைத் தேடாமல் முதலில் தரையைப் பாருங்கள். வந்தது யார் என்று தெரியாமல் எந்த ஓட்டையை அடைப்பீர்கள்?

நாலைந்து கோழி கடிபட்டு, தின்னப்படாமல், அங்கங்கே சிதறிக் கிடந்தால் நாய். அடைத்த கூட்டுக்குள் பல கோழி கழுத்தில் கடிபட்டுச் செத்துக் கிடந்து, ஒன்றிரண்டுக்குத் தலை மட்டும் இல்லையென்றால், பகலில் கீரி மேலும் ராத்திரியில் மரநாய் மேலும் சந்தேகப்படுங்கள். அடைபட்ட இடத்தில் கோழிகள் படபடக்கும் வரை இவை கடித்துக்கொண்டே இருக்கும், பசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இறகு ஒரே இடத்தில் வட்டமாகப் பிடுங்கிப் போட்டிருந்தால் வல்லூறு. பட்டப்பகலில் தடயமே இல்லாமல் குஞ்சு மாயமானால் பருந்தும் பூனையும்தான் முதல் ஆட்கள். குஞ்சு செத்து, உடம்பில் காயமில்லாமல், தலையும் கழுத்தும் மட்டும் எச்சில்பட்டு நனைந்திருந்தால் பாம்பு விழுங்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

முட்டைக்கு வேறு கணக்கு. ஓடுகூட இல்லாமல் முட்டை காணாமல் போனால் பாம்பு முழுசாக விழுங்கியிருக்கும். ஓடு உடைந்து கிடந்தால் கீரி, எலி, காகம். கீரி முட்டையைப் பின்னங்கால்களுக்கு நடுவே தள்ளி, கல்லிலோ சுவரிலோ மோதவிட்டு உடைக்கும். அந்த வேலையைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், நம் முட்டையாக இல்லாத பட்சத்தில். கீரி மேல் பழி போடும் முன் உங்கள் கோழிகளின் அலகில் மஞ்சள் கரு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். தன் முட்டையைத் தானே கொத்திக் குடிக்கிற கோழி உண்டு.

கேமரா வைத்திருக்கிறேன் என்று சில தம்பிகள் பெருமையாகச் சொல்கிறார்கள். நல்லதுதான். அது தின்றவனைக் காட்டும்.

5. பாம்பு வேண்டாம் என்றால் எலியை ஒழியுங்கள். எலி வேண்டாம் என்றால் தீனியைச் சிந்தாதீர்கள். பாம்புக்கென்று தனியாக வேறு மருந்து கிடையாது. சிறியாநங்கைச் செடி வைத்தால் வராது, பூண்டுத் தண்ணீர் தெளித்தால் வராது என்பார்கள். செடியை வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதை நம்பிக் கூட்டின் ஓட்டையை விட்டுவைக்காதீர்கள். சாயங்காலம் தின்று முடித்த தட்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துங்கள். தீனி மூட்டையைச் சாக்கில் வைக்காமல் மூடி போட்ட தகர டின்னில் வையுங்கள். முட்டையைப் பகலிலேயே எடுத்துவிடுங்கள். கொல்லையில் வருகிற சாரைக்கு விஷம் கிடையாது, ஆறடிக்கு மேலும் வளரும், எலி தின்பதில் உங்கள் பூனையைவிடக் கெட்டி. நல்லபாம்பும் அதே எலியைத் தேடித்தான் வரும். முட்டை, குஞ்சு கிடைத்தால் அதையும் விடாது.

நைலான் வலையைத் தரையோரம் கட்டாதீர்கள். எலி கடித்துவிடும், பாம்பு சிக்கிக்கொள்ளும். சிக்கிய பாம்பை எடுத்துவிடப் போய்க் கடி வாங்கவா?

6. இருட்டில் முட்டைக் கூடைக்குள் கையை விடாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விடுங்கள். கோழி வழக்கத்துக்கு மாறாகக் கூட்டுக்குள் நுழைய மறுத்தால் அதைத் தள்ளி அடைக்காதீர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாம்பு இருந்தால் 101-க்குக் கூப்பிட்டால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். 108, நேராக அரசு மருத்துவமனை.

7. பருந்துக்குப் பயப்படும் காலம் குஞ்சுப் பருவம்தான். வளர்ந்த கோழியை அது தூக்காது. தை, மாசியில் அதுவும் கூட்டில் குஞ்சு வைத்திருக்கும், அதற்கும் இரை வேண்டும். அந்த மாதங்களில் சுற்றுவது கூடும். பழைய சி.டி. தொங்கவிடுவது, செத்த காகத்தைக் கட்டுவது, குஞ்சுக்குச் சாயம் பூசுவது எல்லாம் கொஞ்ச நாளைக்கு ஏமாற்றும், அப்புறம் பழகிவிடும். எனக்குப் பிடித்தது பந்தல். கொல்லையில் அவரையோ பீர்க்கனோ கோவையோ கொடியேற்றித் தாழ்வாக ஒரு பந்தல் போடுங்கள். பருந்துக்கு மேலிருந்து பாய்ந்து மேலே எழும்ப வெட்டவெளி வேண்டும். பந்தலுக்கடியில் மேய்கிற குஞ்சை அது பார்த்தாலும் இறங்காது. கொடியிலிருந்து விழும் புழு பூச்சி குஞ்சுக்கு, காய் உங்களுக்கு. கொடி படரும்வரை மேலே பழைய மீன்வலையைக் கட்டிவையுங்கள். வல்லூறு மட்டும் பந்தலுக்கடியிலும் புகுந்து அடிக்கும், அதற்கு வலையடைப்புத்தான்.

சேவலை விற்றுவிடாதீர்கள். அது தீனி பொறுக்கும்போதும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலே ஆபத்து வந்தால் கொடுக்கிற குரல் ஒன்று, தரையில் வந்தால் கொடுக்கிற குரல் வேறு. வானத்துக்கு நீளமான மெல்லிய கீச்சு. கேட்டதும் குஞ்சுகள் கிடைத்த மறைவில் பதுங்கி அசையாமல் கிடக்கும். நாய், கீரி, பாம்பு என்றால் விட்டுவிட்டு உரக்கக் கொக்கரிக்கும். இந்த இரண்டையும் காதால் பிரித்தறியப் பழகினால், அடுக்களையிலிருந்து ஓடிவரும்போதே அண்ணாந்து பார்ப்பதா குனிந்து பார்ப்பதா என்று தெரிந்துவிடும். இடம் இருப்பவர்கள் இரண்டு கினிக்கோழி சேர்த்துக்கொள்ளலாம். பாம்பைக் கண்டால் அவை போடுகிற கூச்சலுக்குத் தெருவே எழுந்துவிடும். பக்கத்து வீட்டாருக்கு உங்கள்மேல் வருகிற கோபத்துக்கு நான் பொறுப்பில்லை.

8. அடை வைத்திருக்கும் கோழிக்கு வருகிற முதல் எதிரி எறும்பு. 21-ஆம் நாள் ஓட்டில் விரிசல் விட்டதும் அந்த வாடைக்கு எறும்பு சாரிசாரியாக வரும். ஓட்டை விட்டு வெளியே வர முடியாத குஞ்சை உள்ளேயே கடித்துக் கொன்றுவிடும். அடைக்கூடையைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலியில் ஏற்றி, கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். இடிக்காக முட்டையோடு இரும்புத்துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் போடுகிற வழக்கத்தை விட்டுவிட வேண்டாம், வீட்டுப் பெரியவர்களுக்கு நிம்மதி. முக்காலியை மறக்காதீர்கள். பொரித்த குஞ்சை முதல் இரண்டு மாதம் தாயோடு கண்பார்வையில் மட்டும் மேயவிடுங்கள். காகமும் செம்போத்தும்கூட அந்த வயதில்தான் கை வைக்கும்.

9. நாய் வளர்த்தால் காவல் என்று நினைத்துச் சிப்பிப்பாறையும் கன்னியும் வாங்கி வந்து கோழியோடு விடுகிறார்கள். அவை முயலை ஓடிப் பிடிக்கிற வேட்டைநாய்கள். முன்னால் ஒன்று படபடத்து ஓடினால் அவற்றுக்குக் கால் நிற்காது. கண்திறந்த குட்டியிலிருந்தே கோழிகளுக்கு நடுவில் வளர்ந்த சாதாரண நாட்டுநாய் போதும். பக்கத்து வீட்டு நாய் உங்கள் கோழியைக் கடித்தால் சண்டைக்குப் போவதற்கு முன் உங்கள் வேலியைப் பாருங்கள்.

10. எதையும் கொல்லாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி, மரநாய், உடும்பு, சாரை, நல்லபாம்பு, பருந்து எல்லாமே பாதுகாக்கப்பட்டவை, அடித்தால் வழக்கு. சட்டத்தை விடுங்கள், பலனும் இல்லை. ஒரு கீரியை ஒழித்தால் அந்த இடம் காலி என்று இன்னொன்று வரும், உங்கள் கூட்டு ஓட்டை அப்படியே இருக்கும். கீரி போனால் பாம்பும் எலியும் பெருகும். குருணை மருந்தை முட்டையில் கலந்து வைக்கிறவர்கள் மயிலையும் ஊர்நாயையும் கொன்றுவிட்டு, சில சமயம் தங்கள் கோழியையே கொன்றுவிட்டு நிற்கிறார்கள். வேலிக்கு வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். அதில் மாட்டிச் சாகிறவர்களில் வேலி போட்டவர்களே உண்டு.

செத்த கோழியையும் அறுத்த கழிவையும் கொல்லையில் வீசாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். ருசி கண்ட நாய் உயிரோடிருக்கும் கோழியைத் தேடி வரும்.

11. கோழி போன அன்று சாயங்காலம் செய்ய வேண்டியது. வந்தது மறுபடி வரும். கிட்டத்தட்ட அதே நேரத்துக்கு, அதே வழியில், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ. ஆகவே ஓட்டையை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். வழி தெரியவில்லையென்றால் கூட்டைச் சுற்றி மாவு போல நைசான மண்ணையோ சாம்பலையோ தூவிவையுங்கள், காலையில் தடம் சொல்லும். மிச்சக் கோழிகளை அந்த ஒன்றிரண்டு ராத்திரி வீட்டுக் கூடத்துக்கோ சமையலறை நடைக்கோ கொண்டுவந்து பஞ்சாரத்தில் கவிழ்த்து, மேலே அம்மிக்குழவியோ செங்கல்லோ பாரமாக வைத்து, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். வீட்டில் நாற்றம் அடிக்கிறது என்று யாராவது முனகுவார்கள். காலையில் கழுவிவிடலாம்.