செவிப்புலனும் முதியோர் நினைவாற்றலும்

இல்லத்தில் பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வியையே மீண்டும் கேட்கின்றார். சொன்னதற்குப் பொருந்தாத விடை பகர்கின்றார். ‘வயதாகிவிட்டது, மறதி வந்துவிட்டது’ என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகின்றனர். அவர் மறந்தாரா, அன்றி அச்சொல் அவர் செவியில் விழவே இல்லையா என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தோர் அண்மையில் கண்டவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உட்செவியில் நத்தைக்கூடு போன்ற உறுப்பு ஒன்று உண்டு. அதனுள் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் அமைந்துள்ளன. இவை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. முதுமையில் உயர் அதிர்வெண் ஒலிகளை ஏற்பனவே முதலில் கெடுகின்றன. இதனால் விளைவது யாது? உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் வலுவாக ஒலிப்பதால் கேட்கின்றன. சொல்லின் முதலில் நிற்கும் வல்லின ஒலிகள் மங்குகின்றன. கடை, சடை, தடை, படை ஆகிய நான்கும் அம்முதியவர்க்கு ஏறத்தாழ ஒன்றாகவே ஒலிக்கும். உயிர் கேட்கின்றது, மெய் கேட்பதில்லை எனத் தமிழ் மாணவர் இதனை எளிதில் நினைவிற் கொள்ளலாம். உரக்கக் கத்துவது உயிரொலியையே மேலும் பெருக்கும். மெய் தெளிவு பெறாது. ‘கத்தாதே, சரியாகச் சொல்’ என்று பெரியவர்கள் சினப்பது முற்றிலும் நியாயமே.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஃபிராங்க் லின் குழுவினர் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 639 பேரைப் பல்லாண்டு பின்தொடர்ந்ததில், செவித்திறன் சிறிது குறைந்தவர்க்கு மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகவும், நடுத்தரமாகக் குறைந்தவர்க்கு மும்மடங்காகவும், மிகக் குறைந்தவர்க்கு ஏறத்தாழ ஐம்மடங்காகவும் காணப்பட்டது. தெளிவற்ற ஒலியைப் பொருள்கொள்ள மூளை தன் ஆற்றலைச் செலவிடுவதும், ஒலித்தூண்டல் குன்றியதால் மூளையின் சில பகுதிகள் சுருங்குவதும், உரையாட இயலாதவர் தனித்து ஒதுங்குவதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. லான்செட் இதழின் ஆய்வுக்குழு 2024-இல் தந்த அறிக்கை, மாற்றத்தக்க 14 காரணிகளைக் கவனித்தால் உலகில் மறதிநோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என மதிப்பிட்டது. செவிக்குறை அவற்றுள் ஒன்று.

எனினும் தொடர்பு வேறு, காரணம் வேறு. கருவி அணிவித்தால் பயன் விளையுமா என்பதைச் சோதித்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. 70 முதல் 84 வயதுவரையிலான 977 பேருள் ஒரு பாதியினர்க்குக் காதொலிக் கருவியும் பயிற்சியும், மறுபாதியினர்க்கு உடல்நலக் கல்வியும் அளிக்கப்பட்டன. மூன்றாண்டுகளுக்குப் பின் மொத்தத்தில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் நெடுநாள் இதயநல ஆய்வொன்றிலிருந்து வந்த, மறதிநோய் வாய்ப்பு மிகுந்த 238 பேரிடத்து மட்டும் அறிவாற்றல் சரிவு 48 விழுக்காடு குறைந்திருந்தது. இப்பின்கூற்றை மட்டும் பறைசாற்றிக் கருவி விற்போர் உண்டு. முதல் முடிவையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

60 வயதைக் கடந்தோருள் நால்வரில் ஒருவர்க்கு மேல் வாழ்க்கையைப் பாதிக்கும் செவிக்குறை உடையோர் என உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் கூறியது. நம் மாநிலத்திற்கு இத்துறையில் ஒரு முன்வரலாறு உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டிலேயே மருத்துவர் வி. எஸ். நடராஜன் முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். வறிய முதியோர்க்குக் காதொலிக் கருவி உள்ளிட்ட துணைக்கருவிகளை விலையின்றி வழங்கும் ஒன்றிய அரசின் திட்டமும் 2017-இல் தொடங்கப்பெற்றது.

முதலில் செய்யத்தக்கது, காதில் குறும்பி அடைத்துள்ளதா என மருத்துவரிடம் காட்டுவது. சிலர்க்கு அதுவே போதும். அடுத்துச் செவித்திறன் சோதனை. கருவி வாங்கியபின் அதற்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும். என் பாட்டனார்க்கு இதனை எவரும் சொல்லவில்லை. முதல் நாளே மின்விசிறியின் இரைச்சலும் பாத்திர ஒலியும் தாங்காமல் கருவியைக் கழற்றி அலமாரியில் வைத்தார். ஈராண்டு அது அங்கேயே இருந்தது. பின்னர் என் தங்கை நாளும் அரைமணி நேரம் அவர் எதிரில் அமர்ந்து, முகம் பார்த்து நாளிதழ் படித்துக் காட்டி, அவரைப் பழக்கினாள். செய்தியில் அவள் விட்ட வரியை அவர் கேட்டுத் திருத்திய நாள் எங்கள் இல்லத்தில் இன்றும் பேசப்படுகின்றது.