இருப்புப்பாதை நிழற்படங்கள்: ஓர் ஒப்பியல் நோக்கு

தமிழ்நாட்டிற்குப் புகைவண்டியும் நிழற்படக் கலையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை முதல் பயணிகள் வண்டி ஓடியது. ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் நிழற்படக் கழகம் தோன்றியது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படையதிகாரி மதுரைக்கு வந்து, மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் அரண்மனையையும் படமெடுத்தார். அப்படங்களில் புகைவண்டி இல்லை. மதுரைக்கு இருப்புப்பாதை வந்தது 1875இல்தான். முன்னரே வந்திருந்தாலும் ஓடும் வண்டியை அவரால் பிடித்திருக்க இயலாது. அவர் கையாண்ட தாள் நெகட்டிவ் ஒளியை வாங்கிக்கொள்ள நெடுநேரம் ஆகும். அசைபவை யாவும் அதில் மங்கி மறையும். இன்றோ பழங்காநத்தம் மேம்பாலத்தில் நிற்கும் முதலாண்டு மாணவன், கீழே விரைந்து செல்லும் வந்தே பாரத் வண்டியைக் கைப்பேசியில் நொடிப்பொழுதில் நிறுத்திவிடுகிறான்.

இத்தகைய படங்கள் இன்று கல்லூரிக் கண்காட்சிகளுக்கும் போட்டிகளுக்கும் வருகின்றன. வந்தவற்றுள் இது முதற்பரிசுக்குரியது, இது அன்று என யாரேனும் ஒருவர் சொல்லியாக வேண்டும். ‘பார்க்க நன்றாக இருக்கிறது’ என்பது தீர்ப்பாகாது. தமிழ் பயின்ற நமக்கு இதற்கோர் அளவுகோல் முன்னரே உண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

யாருடைய படங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். கூலிக்காக அன்றி விருப்பத்திற்காகப் படமெடுப்போரையே இங்குக் கருதுகிறோம். இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு நகரத்துப் பேராயராக விளங்கிய எரிக் டிரேசி இவ்வகையினருள் பெரும்பெயர் பெற்றவர். சமயப் பணி ஒருபுறமிருக்க, வாழ்நாள் முழுவதும் நீராவி எஞ்சின்களைப் படமெடுத்தார். 1978ஆம் ஆண்டு மே மாதம் ஆப்பிள்பி நிலையத்தில் ஒரு வண்டிக்காகக் காத்திருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அவர்தம் நெகட்டிவ்கள் யார்க் நகரத்துத் தேசிய இரயில்வே அருங்காட்சியகத்தில் உள்ளன. விருப்பத்திற்காகச் செய்த வேலை ஒரு நாட்டின் ஆவணமாகிவிட்டது. (உயிருள்ளவற்றின் உருவத்தைப் படைத்தல் குறித்து இஸ்லாமிய அறிஞரிடையே நெடிய கருத்தாடல் உண்டு. ஆயினும் உருவப்படத்திற்குத் தயங்கும் பெரியவர்கள்கூட எஞ்சின் படத்தின்முன் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறார்கள்.)

இனி அளவுகோலுக்கு வருவோம். தொல்காப்பியப் பொருளதிகாரம் அகத்திணைப் பாடலின் உறுப்புகளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் உள்ள உயிரும் உயிரல்லாத பொருளும் தொழிலும் கருப்பொருள். அங்கு வாழும் மாந்தரின் உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். இப்பகுப்பை இருப்புப்பாதைப் படத்திற்குப் பொருத்திப் பார்க்கலாம்.

பழங்காநத்தம் மேம்பாலத்திலிருந்து இருவர் படமெடுத்ததாகக் கொள்வோம். ஒருவர் படத்தில் எஞ்சின் சட்டம் முழுவதையும் நிறைத்து நிற்கிறது. எண்ணும் எழுத்தும் துல்லியமாகத் தெரிகின்றன. பின்னணி முற்றிலும் மங்கலாக்கப்பட்டுள்ளது. மற்றவர் படத்தில் வண்டி சிறியது. ஆனால் இரட்டைப் பாதை வளைந்து செல்லும் திசையில் திருப்பரங்குன்றத்து மலை நிற்கிறது. மின்கம்பங்களின் நிழல் கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கிறது. பார்த்தவுடன் கைதட்டல் பெறுவது முதற்படமே. எனினும் அதை விழுப்புரத்திலும் எடுக்கலாம், விசாகப்பட்டினத்திலும் எடுக்கலாம். இரண்டாவது படத்தை மதுரையின் தென்புறத்தில், ஒரு மாலைப்பொழுதில் மட்டுமே எடுக்க முடியும். அதற்கு நிலமும் உண்டு, பொழுதும் உண்டு. பிற யாவும் ஒத்திருப்பின் இரண்டாவதற்கே முதலிடம் தரவேண்டும் என்பேன்.

மேலைநாட்டு ஆர்வலரிடம் ஒரு பழைய மரபு உண்டு. கதிரவன் எடுப்பவர் முதுகுக்குப் பின்னால் இருத்தல் வேண்டும். எஞ்சினின் முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து முக்கால் பங்கு தெரிதல் வேண்டும். நீராவி எஞ்சினாயின் சக்கரங்களை இணைக்கும் தண்டு தாழ்ந்த நிலையில் இருத்தல் வேண்டும். இவ்விதிகள் பயனற்றவை அல்ல. உறுப்புகள் தெளிவாகத் தெரிய வழிசெய்பவை. ஆனால் இவற்றை மட்டுமே கொண்டு மதிப்பெண் இடுவது, யாப்பு வழுவாத செய்யுள் அனைத்தையும் கவிதை என்று ஏற்பதற்கு ஒப்பாகும்.

கருப்பொருளை மதிப்பிட நடுவருக்குப் பொருளறிவு தேவை. பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இதனினும் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட இரயில் பாலம் இராது. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுப்பகுதி, கப்பலுக்கு வழிவிட இரு கைகளை உயர்த்துவதுபோல் இரண்டாகப் பிரிந்து மேலெழுந்தது. 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதியோ பிளவுபடாமல் செங்குத்தாக மேலேறும். பழைய பாலத்தில் 2006 வரை மீட்டர் பாதை இருந்தது. 2007 முதல் அகலப்பாதை. 2022 டிசம்பருக்குப் பின் அதன்மேல் வண்டி ஓடவில்லை. இவற்றை அறிந்த நடுவர், பெயரும் நாளும் குறிக்கப்படாத ஒரு பாம்பன் படத்தையும் காலவரிசையில் வைத்துவிடுவார். அறியாதவர் கடலின் நீலத்திற்கு மதிப்பெண் இட்டு முடித்துக்கொள்வார். சுவடியின் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பதை நாம் ஆய்வு என்கிறோம். தண்டவாள அகலம் கொண்டு காலம் கணிப்பதும் அதுவே.

நம் ஊருக்கு இன்னும் நெருங்கிய சான்று போடிப் பாதை. 1928இல் மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இடப்பட்ட இம்மீட்டர் பாதை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெயர்த்தெடுக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் இடப்பட்டது. அகலப்பாதையாக்கும் பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. தேனி வரை வண்டி மீண்டும் ஓடியது 2022 மே மாதத்தில். போடி வரை ஓடியது 2023 ஜூனில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில், அப்பாதையில் மீட்டர் வண்டியைக் கண்டறியாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. உசிலம்பட்டியை அடுத்த கணவாயில் பழைய வண்டி செல்வதை யாரோ ஒருவர் எளிய பிலிம் கேமராவால் எடுத்திருப்பின், அது மங்கலாயினும், ஓரம் சாய்ந்திருப்பினும், அதை மீண்டும் எடுக்க எவராலும் இயலாது. அப்படத்தையும் இன்றைய கைப்பேசிப் படத்தையும் ஒரே பிரிவில் வைத்துத் துலக்கத்தை ஒப்பிடுவது முறையன்று. முப்பத்தாறு படங்களுக்கு ஒரு சுருள் வாங்கி, கழுவக் காசு கொடுத்து, ஒவ்வொரு சொடுக்கையும் எண்ணிச் செலவிட்டவர் அவர். ஒப்பியலின் முதல் விதி, ஒப்பிடத்தக்கவற்றையே ஒப்பிடுதலாகும்.

உரிப்பொருளே இம்மூன்றில் உயர்ந்தது. படங்களில் அரிதாகக் கிடைப்பதும் அதுவே. இரயில் நிலையம் இயல்பாகவே பிரிதலுக்கும் இருத்தலுக்கும் உரிய இடம். வளைகுடா வேலைக்கென நம் சமுதாயத்து இளைஞர் மதுரை நிலையத்தில் வண்டியேறிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போன காலம் பெரியோர் நினைவில் இருக்கும். இலக்கணம் அதைப் பொருள்வயிற் பிரிவு என்னும். சன்னல் கம்பியைப் பற்றிய தாயின் கை, உள்ளே தலைகுனிந்திருக்கும் மகன், நடைமேடையில் சோற்றுப் பொட்டலம் ஏந்தி நிற்கும் தம்பி: இவற்றைக் காட்டும் படத்தில் எஞ்சின் தெரியாவிட்டாலும் அது இருப்புப்பாதைப் படமே. எஞ்சின் இல்லையெனத் தள்ளும் நடுவர், பாலைத்திணைப் பாடலில் கள்ளிச்செடி இல்லையெனத் தள்ளியவர் ஆவார்.

இதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. அகப்பாடல் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுவதில்லை. பிறர் அழுகையை அவர் அறியாமல் எடுத்து, முகம் தெளியக் கூடத்தில் தொங்கவிடுவது அந்நெறிக்கு மாறானது. இசைவு பெற்றாயா என எடுத்தவரைக் கேட்பது நடுவரின் கடமை. பெறவில்லையெனின், முகம் மறைந்து கை மட்டும் தெரியும் படத்தையே நான் தேர்வேன். பெரும்பாலும் அதுவே நல்ல படமாகவும் இருக்கும்.

உண்மை பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை, மறைந்துகொண்டிருந்த நீராவி வண்டிகளைத் தம் சொந்தச் செலவில் இரவில் படமெடுத்தார். திறந்தவெளித் திரையரங்கில் கார்கள் நிற்க, திரையில் வானூர்தி தோன்ற, அப்பால் நீராவி வண்டி விரையும் அவரது 1956ஆம் ஆண்டுப் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அவர் பயன்படுத்திய மின்னொளியில் திரைக்காட்சி வெளுத்துப் போனதால், அவ்வானூர்தியை வேறொரு நெகட்டிவிலிருந்து எடுத்து ஒட்டினார். வண்டி மெய், கார்கள் மெய், திரையில் தெரிவது மட்டும் பின்னர்ச் சேர்த்தது. அதைக் கலையாக ஏற்கலாம், ஆவணப் பிரிவில் ஏற்கலாகாது. இன்று கணினியே இல்லாத வண்டியை இல்லாத மலைக்கு முன்னால் ஓட்டிக் காட்டுகிறது. மூலக்கோப்பைக் கேட்டு வாங்குவதைப் போட்டி விதியாகவே வைத்துவிடுவது நன்று.

நடுவர் சற்றும் இரக்கம் காட்டலாகாத இடம் ஒன்று உண்டு. படத்தின் கீழ் விளிம்பின் இரு மூலைகளிலிருந்தும் இரு தண்டவாளங்கள் தொடங்கி நடுவில் வண்டியை நோக்கிக் கூடினால், எடுத்தவர் எங்கு நின்றார் என்பதை அப்படமே சொல்லிவிடும். தண்டவாளத்தில் நின்று படமெடுக்கப் போய் உயிரிழந்த இளைஞர்களைப் பற்றி நாளிதழ்களில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். மின்சார எஞ்சின் நீராவி எஞ்சினைப்போல் முழங்கி வருவதில்லை. இரட்டைப் பாதையில் ஒரு வண்டியின் ஓசை மறுவண்டியின் ஓசையை மறைத்துவிடும். 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு இவ்வாறு அத்துமீறி நுழைவதைக் குற்றமென்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, உயிர் இறைவன் தந்த அமானிதம். இத்தகைய படம் எத்துணை அழகாயினும் பரிசுப் பட்டியலில் இடம்பெறக் கூடாது. சுவரிலும் இடம்பெறக் கூடாது. ஓராண்டு அதற்குப் பரிசு தந்தால், மறு ஆண்டு பத்து மாணவர் அதே இடத்தில் நிற்பர். அவர்களை அங்கு அனுப்பியவர் அந்த நடுவரே ஆவார். தொலைநோக்கு லென்சால் கடவுப்பாதைக்கு வெளியிலிருந்து எடுத்தேன் என்று சிலர் கூறக்கூடும். எனில், நின்ற இடத்தைக் காட்டும் இரண்டாவது படம் ஒன்றைக் கேட்கலாம்.

இறுதியாக, மாணவர் தம் படத்தின் பின்புறம் எழுதவேண்டியவை: இடம், நாள், நேரம், வண்டியின் பெயர், அது சென்ற திசை, தாம் நின்ற இடம். தலைப்புக் கவிதை வேண்டியதில்லை. இருவர் படங்கள் சமமான மதிப்பெண் பெறின், இவ்விவரத்தை முழுமையாக எழுதியவருக்கே பரிசு செல்லட்டும். ஐம்பது ஆண்டு கழித்து அப்படத்தை எடுத்துப் பார்ப்பவருக்கு அவ்வெழுத்தின்றி நிலமும் விளங்காது, பொழுதும் விளங்காது.